ஒய் தட்டுவதற்கு முன்னால், எதை நீக்கப் போகிறது என்று படியுங்கள்

உபுண்டு, மின்ட் மாதிரியான ஒரு லினக்ஸில் ஒரு செயலியை நிறுவப் போகிறீர்கள். இணையத்தில் யாரோ கொடுத்திருந்த ஒரு வரியை எடுத்து டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ஒட்டுகிறீர்கள். அது 'அன்மெட் டிபெண்டென்சீஸ்' என்று ஆரம்பித்து, நாலைந்து வரி திட்டிவிட்டு, 'யூ ஹேவ் ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' என்று முடிக்கிறது. எரிச்சலான செய்திதான், ஆனால் ஆபத்தானது இல்லை. செயலிகளை நிறுவவும் நீக்கவும் செய்யும் கருவியான ஆப்ட் எதையும் தொடாமல் கையை விரித்துவிட்டது, அவ்வளவுதான். உங்கள் கணினி ஐந்து நிமிடத்துக்கு முன் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது.

ஆபத்தானது வேறொன்று. பிழை என்ற பேச்சே இல்லாமல், மரியாதையாக 'டூ யூ வான்ட் டு கன்டினியூ?' என்று கேட்டு ஒய், என் என்ற இரண்டு எழுத்தைக் காட்டி நிற்கிறதே, அதுதான். ஆப்ட் ஒரு தீர்வைக் கண்டுபிடித்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். அந்தத் தீர்வில் உங்கள் டெஸ்க்டாப்பை மொத்தமாகக் கழற்றுவதும் சேர்ந்திருக்கலாம். நீங்கள் கேட்ட பேக்கேஜை (செயலியோ அதன் ஒரு பகுதியோ அடங்கிய பொதி) நிறுவ வேண்டும், யாருடைய நிபந்தனையும் மீறப்படக் கூடாது, இவ்வளவுதான் அதன் கணக்கு. திரையில் படம் தெரிய வேண்டும் என்று நீங்கள் அதனிடம் சொல்லவே இல்லையே.

இதற்கு ஊரறிந்த சாட்சி 2021 நவம்பரில் வெளியான ஒரு யூடியூப் வீடியோ. கணினி விமர்சனங்களுக்குப் பேர்போன லைனஸ் செபாஸ்டியன் (லினக்ஸ் கர்னலை எழுதிய லைனஸ் டோர்வால்ட்ஸ் இல்லை, இவர் வேறு) பாப் ஓஎஸ் என்ற லினக்ஸில், விளையாட்டுகளுக்கான ஸ்டீம் செயலியை நிறுவப் போனார். வரைகலை மென்பொருள் கடையில் நிறுவல் தோற்றுப்போக, டெர்மினலுக்குப் போய் அதே ஸ்டீமைக் கேட்டார். அத்தியாவசியமான பேக்கேஜ்கள் நீக்கப்படப் போகின்றன என்று ஆப்ட் எச்சரித்தது, தெரிந்துதான் செய்கிறேன் என்றால் 'யெஸ், டூ ஆஸ் ஐ சே!' என்று முழுசாகத் தட்டச்சு செய்யச் சொன்னது. அவரும் தட்டினார். டெஸ்க்டாப் காணாமல் போய் கறுப்புத் திரைதான் மிஞ்சியது. அவரைக் கிண்டல் செய்தவர்கள் நிறைய. நான் செய்ய மாட்டேன், ஏனென்றால் சில மாதங்கள் கழித்து நானும் கிட்டத்தட்ட அதையேதான் செய்தேன். அந்தக் கதை கீழே வருகிறது.

ஒரு சின்னக் குறிப்பு. கட்டளைகளை இங்கே ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள், கோடு, சாய்கோடு எல்லாம் இங்கே இருக்கிற மாதிரியே. பேச்செல்லாம் டெபியன் குடும்பத்தைப் பற்றியது, அதாவது டெபியன், உபுண்டு, மின்ட், பாப் ஓஎஸ். ஃபெடோரா, ஆர்ச் ஆட்களுக்கு நடுவில் கொஞ்சம் இருக்கிறது.

சண்டை எதனால் வருகிறது

ஒவ்வொரு பேக்கேஜும் தன்னோடு ஒரு நிபந்தனைப் பட்டியலைக் கொண்டுவருகிறது. இன்னது வேண்டும், இந்தப் பதிப்போ அதற்கு மேலோ வேண்டும், சரியாக இதே பதிப்புதான் வேண்டும், இன்னார் இருக்கும் இடத்தில் நான் இருக்க மாட்டேன். கல்யாண வீட்டில் பந்தியில் யாரை யாருக்குப் பக்கத்தில் உட்காரவைப்பது என்று பெரியவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்களே, அதே கதை. ஆப்ட் அந்தப் பெரியவர் வேலையைத்தான் பார்க்கிறது. 1999ல் டெபியன் 2.1ல் அது வந்ததற்கு முன்னால் இந்த வேலையில் பெரும்பகுதி நம் தலையில்தான் விழுந்தது.

ஒரே பெயருள்ள பேக்கேஜின் இரண்டு பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க முடியாது என்பது இங்கே முக்கியம். அதனால்தான் நூலகப் பேக்கேஜ்களின் (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் தொகுப்புகள்) பெயரிலேயே எண் ஒட்டியிருக்கும். லிப்எஸ்எஸ்எல்1.1 என்பதும் லிப்எஸ்எஸ்எல்3 என்பதும் இரண்டு தனிப் பேக்கேஜ்கள், ஒன்றாக இருந்தால் சண்டை போடாது. ஆனால் லிப்எஸ்எஸ்எல்3ன் இரண்டு வேறு பதிப்புகள் என்றால் ஒன்று வெளியே போய்த்தான் ஆக வேண்டும்.

உபுண்டுவின் அதிகாரபூர்வக் களஞ்சியத்தை (பேக்கேஜ்கள் வந்து இறங்கும் இணையக் கிடங்கு) மட்டும் வைத்திருப்பவருக்குப் பெரும்பாலும் சண்டையே வராது. வந்தால், வெளியிலிருந்து பிபிஏ (தனியார் நடத்தும் கூடுதல் களஞ்சியம்) சேர்த்திருப்பீர்கள், பழைய வெளியீட்டுக்கான டெப் கோப்பை (ஒற்றைப் பேக்கேஜ் கோப்பு) இறக்கியிருப்பீர்கள், அல்லது டெபியனின் நிலையான ஸ்டேபிளில் இருந்துகொண்டு, இன்னும் சோதனையில் இருக்கும் டெஸ்டிங் களஞ்சியத்தையும் ஒரு வரி சேர்த்திருப்பீர்கள். டெபியன்காரர்கள் இந்தக் கடைசிக் கலவைக்கு ஃபிராங்கன்டெபியன் என்று பெயரே வைத்திருக்கிறார்கள்.

முதலில் செய்தியைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

'ஹெல்ட் புரோக்கன் பேக்கேஜஸ்' என்ற அந்தக் கடைசி வரியை மறந்துவிடுங்கள். நீங்கள் எதையும் பிடித்துவைத்தீர்கள் என்று அது சொல்வதுபோல் இருக்கும், பத்துக்கு ஒன்பது முறை நீங்கள் எதையும் பிடித்துவைத்திருக்க மாட்டீர்கள். சந்தேகம் இருந்தால் 'ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்' என்று கேட்டுப் பாருங்கள், வெறுமையாக வந்தால் அந்த வரியை விட்டுத் தள்ளலாம். விஷயம் அதற்கு மேலே இருக்கிற வரிகளில்தான்.

உபுண்டு 22.04ல் லிப்எஸ்எஸ்எல்-டெவ் (அந்த நூலகத்தை வைத்து நிரல் எழுதுகிறவர்களுக்கான பேக்கேஜ்) நிறுவும்போது வருகிற மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். லிப்எஸ்எஸ்எல்-டெவ், டிபெண்ட்ஸ், லிப்எஸ்எஸ்எல்3, அடைப்புக்குறிக்குள் சமக்குறி போட்டு 3.0.2-0உபுண்டு1, பட் 3.0.2-0உபுண்டு1.10 இஸ் டு பி இன்ஸ்டால்ட். இதை மூன்றாக உடைத்துப் படிக்க வேண்டும். கேட்பவர் யார்? லிப்எஸ்எஸ்எல்-டெவ். என்ன கேட்கிறார்? சரியாக அந்தப் பழைய பதிப்பு. கையில் என்ன இருக்கிறது? அதைவிடப் புதிய பதிப்பு. ஆக, நூலகம் புதுசு, அதன் டெவ் பேக்கேஜ் பழசு. நூலகம் எங்கிருந்தோ மேம்படுத்தப்பட்டிருக்கிறது, ஆனால் அது வந்த களஞ்சியம் இப்போது பட்டியலில் இல்லை. பெரும்பாலும் யாரோ 'அப்டேட்ஸ்' களஞ்சியத்தை அணைத்துவைத்திருப்பார்கள். அதைத் திரும்ப இயக்கி 'சூடோ ஆப்ட் அப்டேட்' (சூடோ என்றால் நிர்வாகி உரிமையோடு) கொடுத்தால் சண்டை தானாக ஓய்ந்துவிடும். இதற்குப் போய் லிப்எஸ்எஸ்எல்3ஐ நீக்கு என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அந்த வரியின் வாலும் முக்கியம். 'நாட் இன்ஸ்டாலபிள்' என்று முடிந்தால் அப்படியொரு பேக்கேஜ் உங்களுடைய எந்தக் களஞ்சியத்திலும் இல்லை. 'நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்' என்று முடிந்தால் இருக்கிறது, ஆனால் அதற்கே உள்ளே வேறொரு சிக்கல். இரண்டாவது வகை என்றால், தேவைப்படும் அந்தப் பேக்கேஜையே நேராக நிறுவச் சொல்லிப் பாருங்கள், நிஜமாக அல்ல, கீழே சொல்லும் ஒத்திகை முறையில். அடுத்த அடுக்கின் காரணத்தைச் சொல்லும். அதையும் கேளுங்கள். நாலு அடுக்கு இறங்கினால் வம்பு பண்ணுகிற ஆசாமி யார் என்று தெரிந்துவிடும்.

ஆளைப் பிடித்ததும் 'ஆப்ட் பாலிசி' என்று தட்டி அந்தப் பேக்கேஜின் பெயரைக் கொடுங்கள். புதியவர்களுக்கு நான் ஒரே ஒரு கட்டளைதான் கற்றுத்தரலாம் என்றால் இதைத்தான் தருவேன். இப்போது நிறுவியிருக்கும் பதிப்பு, அடுத்து நிறுவத் தயாராக இருக்கும் பதிப்பு, ஒவ்வொரு பதிப்பும் எந்தக் களஞ்சியத்திலிருந்து வருகிறது, எல்லாம் ஒரே இடத்தில் காட்டும். பக்கத்தில் இருக்கும் எண் முன்னுரிமை. சாதாரணக் களஞ்சியத்துக்கு 500. நிறுவியிருக்கும் பதிப்புக்குப் பக்கத்தில் வெறும் 100ம் /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற பாதையும் மட்டும் இருந்தால் அது அநாதைப் பதிப்பு. இப்போது இயங்கும் எந்தக் களஞ்சியத்துக்கும் அது சொந்தமில்லை. கையால் நிறுவிய டெப் கோப்பு, நீக்கிய பிபிஏ விட்டுச்சென்ற மிச்சம், பழைய வெளியீட்டிலிருந்து தொற்றிக்கொண்டு வந்தது, இந்த மூன்றில் ஒன்று. இப்படிப்பட்டவற்றை மொத்தமாகப் பார்க்க 'ஆப்ட் லிஸ்ட் ~ஓ' போதும் (அந்த வளைகோட்டையும் ஓவையும் ஒற்றை மேற்கோளுக்குள் வையுங்கள்).

ஒத்திகை பார்க்காமல் அரங்கேற்றம் வேண்டாம்

சரி, இனி நிறுவும் வேலை. அதற்கு முன்னால் டைம்ஷிஃப்ட் என்ற கருவியில் ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது தேவைப்பட்டால் திரும்பிப் போகக்கூடிய நகல், எடுத்துவிடுங்கள். மின்ட்டில் கூடவே வருகிறது, உபுண்டுவில் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் ஹோம் அடைவை அது வழக்கமாகச் சேர்ப்பதில்லை, ஆகவே படங்களுக்கும் ஆவணங்களுக்கும் தனியாக பேக்கப் வைத்திருக்க வேண்டும்.

பிறகு 'ஆப்ட் -எஸ் இன்ஸ்டால்' என்று போட்டுப் பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள். அந்த -எஸ் ஒத்திகைக்கானது. எதையும் தொடாது, சூடோகூடத் தேவையில்லை. நிஜமாகச் செய்தால் என்னென்ன நடக்கும் என்று வரிவரியாகச் சொல்லும். நிறுவப்படுபவை 'இன்ஸ்ட்' என்று தொடங்கும், நீக்கப்படுபவை 'ரெம்வ்' என்று தொடங்கும். ரெம்வ் வரிகளை மட்டும் படித்தால் போதும், ஆனால் ஒவ்வொன்றையும் படிக்க வேண்டும்.

நீக்கும் பட்டியலில் என்ன இருந்தால் நிறுத்த வேண்டும்? டெஸ்க்டாப் அல்லது செஷன் என்று முடியும் எதுவும். உள்நுழைவுத் திரையையும் வரைகலையையும் தருகிற ஜிடிஎம்3, லைட்டிஎம், எக்ஸ்ஆர்க். நெட்வொர்க்-மேனேஜர், ஏனென்றால் அது போனால் மீட்பதற்கு இணையமும் இருக்காது. பைத்தான்3. சிஸ்டம்டி, லிப்சி6, சூடோ, கிரப், ஆப்ட். இன்னொரு அளவுகோலும் உண்டு. ஒரு சின்னச் செயலியை நிறுவ முப்பது பேக்கேஜ்கள் வெளியேற வேண்டும் என்றால் ஏதோ சரியில்லை, பெயர்கள் உங்களுக்குப் புரியாவிட்டாலும் சரி.

நேர்மாறாக, ஒரு நூலகம் போய் அதே இடத்துக்கு டி64 என்று வால் ஒட்டிய அதே பெயர் வந்தால் பயப்படாதீர்கள். 2038 ஜனவரி 19ல் பழைய 32 பிட் நேரக் கணக்கு நிரம்பி வழிந்துவிடும். அதற்காக நேரத்தை 64 பிட்டுக்கு மாற்றும்போது ஏராளமான நூலகங்களுக்கு இந்த வால் ஒட்டப்பட்டது. உபுண்டு 24.04லும் டெபியன் 13லும் இதைப் பார்க்கலாம்.

'உபுண்டு-டெஸ்க்டாப்' என்ற பேக்கேஜைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இது உள்ளே சரக்கு எதுவும் இல்லாத ஒரு மெட்டாபேக்கேஜ், மற்ற நூற்றுக்கணக்கானவற்றைக் கட்டிவைத்திருக்கும் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நீக்கிய நிமிடத்தில் ஒன்றுமே நடக்காது, எல்லாம் பழையபடி ஓடும், நீங்களும் 'சும்மா பயமுறுத்தியிருக்கிறார்கள்' என்று நினைப்பீர்கள். ஆனால் கயிறு அறுந்தது அறுந்ததுதான். கட்டியிருந்தவற்றில் பலவும் இப்போது யாருக்கும் தேவைப்படாதவை என்று கணக்காகிவிடலாம். இரண்டு வாரம் கழித்து வட்டில் இடம் போதவில்லை என்று தேவைப்படாதவற்றைத் துடைக்கும் 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுக்கிறீர்கள். அப்போது அவை போகலாம். பொறியின் பாதி அந்த முதல் நீக்கத்தில், மீதிப் பாதி ஆட்டோரிமூவில்.

இன்னும் ஒன்று. இணையத்தில் எடுக்கும் கட்டளையில் -ஒய் இருந்தால் அதை அழித்துவிட்டு ஒட்டுங்கள். கேள்வியைக் கேட்காமலே ஆமாம் சொல்லிவிடச் சொல்வதுதான் அது.

ஃபியூஸ் கதை

உபுண்டு 22.04 வந்த புதிதில் ஆப்இமேஜ் கோப்புகள் (நிறுவாமலே ஓடும் ஒற்றைக் கோப்புச் செயலிகள்) திறக்கவில்லை. அவற்றுக்கு லிப்ஃபியூஸ்2 என்ற பழைய நூலகம் வேண்டும், 22.04 அதை முன்கூட்டியே நிறுவித் தருவதை நிறுத்திவிட்டது. பிழைச் செய்தியில் ஃபியூஸ் என்ற பெயர் பளிச்சென்று இருக்கும். மனிதன் என்ன செய்வான்? 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ஃபியூஸ்'. நானும் அதைத்தான் செய்தேன்.

ஃபியூஸ் பேக்கேஜும் ஃபியூஸ்3 பேக்கேஜும் ஒன்றாக இருக்காது. பழையது உள்ளே வந்தால் புதியது வெளியே. ஃபியூஸ்3ஐ நம்பி எக்ஸ்டிஜி-டெஸ்க்டாப்-போர்ட்டல் இருக்கிறது, அதை நம்பி இன்னும் சில, இப்படியே சங்கிலி டெஸ்க்டாப் வரை போகிறது. நீக்கும் பட்டியல் என் கண் முன்னால்தான் இருந்தது. இரவு பதினொன்றரை மணி, ஒரே ஒரு படத்தைத் திருத்தி அனுப்பிவிட்டுத் தூங்க வேண்டும் என்ற அவசரம், விரல் ஒய்யில் போய் விழுந்தது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிட்டது.

தேவைப்பட்டது 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் லிப்ஃபியூஸ்2' மட்டும்தான். நூலகம் வேறு, அதே பெயரில் இருக்கும் கருவிப் பேக்கேஜ் வேறு. லிப்ஃபியூஸ்2 ஃபியூஸ்3ஓடு சமாதானமாக இருக்கும், யாரையும் வெளியேற்றாது. 24.04ல் இருப்பவர்கள் லிப்ஃபியூஸ்2டி64 என்று கேட்க வேண்டும். பிழைச் செய்தி ஒரு நூலகக் கோப்பைத்தான் தேடுகிறது என்றால், முதலில் லிப் என்று தொடங்கும் பேக்கேஜைத் தேடுங்கள். இது நான் அந்த இரவில் விலை கொடுத்து வாங்கிய பழக்கம்.

கொஞ்சம் ஆறுதலான செய்தியும் உண்டு. அந்த 2021 கூத்துக்குப் பிறகு, அத்தியாவசியம் என்று குறியிடப்பட்ட பேக்கேஜ்களை நீக்கும் தீர்வை ஆப்ட் எளிதில் முன்வைப்பதில்லை, அந்த வாக்கியத்தைத் தட்டித் தப்பிக்கும் வழியும் போய்விட்டது. ஆனால் உபுண்டுவின் டெஸ்க்டாப் அப்படிக் குறியிடப்பட்டதில்லை. ஆகவே படிக்கிற வேலை இன்னும் நம்முடையதுதான்.

தீர்க்கும் வழிகள், பாதுகாப்பானதிலிருந்து ஆரம்பித்து

சில நேரம் தீர்ப்பதற்கே ஒன்றும் இருக்காது. உபுண்டுவில் மேம்படுத்தும்போது சில பேக்கேஜ்கள் 'டிஃபர்ட் டியூ டு ஃபேஸிங்' என்று நின்றால், அந்த மேம்பாட்டை எல்லோருக்கும் ஒரே நாளில் தராமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தருகிறார்கள் என்று பொருள். காத்திருங்கள். அதே மாதிரி டெபியன் டெஸ்டிங்கில் இருப்பவர்கள் இரண்டு நாள் பொறுத்தால் பாதிச் சண்டைகள் தாமாகவே தீரும். 'கெப்ட் பேக்' என்று வந்ததுமே 'ஃபுல்-அப்கிரேட்' கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள். வெறும் 'அப்கிரேட்' எந்தப் பேக்கேஜையும் நீக்காது, ஃபுல்-அப்கிரேட் நீக்கும். வித்தியாசம் அங்கேதான்.

காத்திருந்தால் தீராத வகை என்றால், செயலியை வேறு வழியில் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். ஃபிளாட்பேக் என்ற தனி நிறுவல் முறை தனக்கு வேண்டிய நூலகங்களை ரன்டைம் என்ற பெயரில் தானே கொண்டுவருகிறது, உங்கள் கணினியின் நூலகங்களோடு சண்டைக்கு நிற்காது. இடம் அதிகம் பிடிக்கும், அதைப் பற்றி முனகுகிறவர்கள் உண்டு. எனக்கு ஒரு ஜிகாபைட்டை விட ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிது. நிரலாக்கக் கருவிகள் என்றால் டிஸ்ட்ரோபாக்ஸ் மாதிரி ஒரு கன்டெய்னருக்குள் (மற்றதிலிருந்து பிரித்துவைத்த பெட்டி) வேறொரு வெளியீட்டை ஓடவிட்டு அதற்குள் என்ன அட்டகாசம் வேண்டுமானாலும் செய்யலாம். பைத்தான் நூலகங்கள் என்றால் வெனவ், அதாவது தனியாகப் பிரித்துவைத்த பைத்தான் சூழல். டெபியன் 12லிருந்தும் உபுண்டு 23.04லிருந்தும் பைத்தானின் நிறுவியான பிப் நேராகக் கணினிக்குள் நிறுவ மறுத்து 'எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்' என்று திட்டுவது உங்களைக் காப்பாற்றத்தான். அந்தத் தடையை உடைக்கும் ஆப்ஷனின் பெயரிலேயே 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று எழுதியிருக்கிறது, இதைவிட வெளிப்படையாக யாரும் சொல்ல முடியாது.

டெப் கோப்பைத்தான் நிறுவியாக வேண்டுமா? அப்படியானால் 'டிபிகேஜி -ஐ' வேண்டாம். அது தேவைப்படும் மற்ற பேக்கேஜ்கள் இருக்கின்றனவா என்று முன்கூட்டிச் சரிபார்க்காமல் கோப்புகளைப் பிரித்துக் கொட்டிவிட்டு, அப்புறம் உள்ளமைக்க முடியவில்லை என்று பாதியில் நிற்கும். அடுத்து நீங்கள் எதை நிறுவப் போனாலும் ஆப்ட் இந்தப் பாதி வேலையைக் காட்டி முரண்டு பிடிக்கும். பதிலாக 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./' என்று தொடங்கிக் கோப்பின் பெயரைக் கொடுங்கள். அந்தப் புள்ளியும் சாய்கோடும் இருந்தால்தான் அது களஞ்சியத்தில் தேடாமல் இந்த அடைவில் இருக்கும் கோப்பை எடுக்கும். முடியாதென்றால் ஆரம்பத்திலேயே முடியாது என்று சொல்லிவிடும், பாதியில் விடாது.

பழைய டெப் கோப்புகள் லிப்எஸ்எஸ்எல்1.1 கேட்டு அழும். 22.04லிருந்து அது களஞ்சியத்தில் இல்லை. பழைய வெளியீட்டிலிருந்து அந்த ஒரு கோப்பை இறக்கி நிறுவச் சொல்வார்கள். வேலை செய்யும், முன்பே சொன்னபடி லிப்எஸ்எஸ்எல்3ஓடு மோதாது. ஆனால் அந்த நூலகத்துக்கு இனி உங்கள் கணினியில் பாதுகாப்புத் திருத்தம் தானாக வராது, அதுவும் மறையாக்கம் செய்யும் நூலகம். வீட்டுக்குள் மட்டும் ஓடும் ஒரு பழைய கருவிக்கு என்றால் கண்ணை மூடிக்கொள்வேன், இணையத்தோடு பேசும் செயலிக்கு என்றால் மாட்டேன். இதே சாக்கில் பழைய வெளியீட்டின் களஞ்சியத்தையே பட்டியலில் சேர்ப்பது வேறு விஷயம், அதைச் செய்யவே செய்யாதீர்கள்.

பிபிஏதான் குற்றவாளி என்று தெரிந்தால், பட்டியலிலிருந்து அதை நீக்குவது மட்டும் போதாது. அது கொண்டுவந்த உயர் பதிப்புகள் அப்படியே உட்கார்ந்திருக்கும், இன்னும் மோசம், இப்போது அநாதையாக. 'பிபிஏ-பர்ஜ்' என்று ஒரு கருவி இருக்கிறது, நிறுவிக்கொண்டு பிபிஏவின் பெயரைக் கொடுத்தால் அதை அணைத்து, அது தந்தவற்றை உபுண்டுவின் சொந்தப் பதிப்புகளுக்கு இறக்கிவிடும். அதுவும் கேள்வி கேட்கும், பட்டியலைப் படியுங்கள். ஒன்றிரண்டு பேக்கேஜ்கள் மட்டும் என்றால் கையாலேயே செய்யலாம்: 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால்', பேக்கேஜ் பெயர், சமக்குறி, ஆப்ட் பாலிசி காட்டிய பழைய பதிப்பு எண், நடுவில் இடைவெளி இல்லாமல். ஒன்றையொன்று சார்ந்தவற்றை ஒரே வரியில் சேர்த்துக் கொடுங்கள், தனித்தனியாகக் கொடுத்தால் மறுபடி சண்டை. பதிப்பை இறக்குவது டெபியன் உத்தரவாதம் தரும் வேலை இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தரவுத்தளம் மாதிரியானவை புதிய வடிவில் எழுதிய கோப்பைப் பழைய பதிப்பு படிக்காது. லிப்சி6ஐ இறக்க நினைக்கவே வேண்டாம்.

எது எதை இழுக்கிறது என்று புரியாமல் மாட்டிக்கொண்டால் ஆப்டிட்யூட் உதவும். ஆப்ட் ஒரே விடையைச் சொல்லிவிட்டு நிற்கும் இடத்தில் இது பல விடைகளை ஒவ்வொன்றாக நீட்டும். பிடிக்கவில்லை என்றால் என் தட்டுங்கள், அடுத்ததைக் காட்டும். முதல் விடையை ஏற்காதீர்கள், நாலைந்து பார்த்துவிட்டு மிகக் குறைவாக நீக்குவதை எடுங்கள். 'ஆப்டிட்யூட் வொய்' என்று கேட்டால் ஒரு பேக்கேஜ் ஏன் உங்கள் கணினியில் இருக்கிறது என்ற பூர்வீகத்தையும் சொல்லும்.

இரண்டு பேக்கேஜ்கள் ஒரே கோப்புக்கு உரிமை கொண்டாடும்போது 'டிரையிங் டு ஓவர்ரைட்' என்று ஒரு பிழை வரும். யாருடைய கோப்பு என்று 'டிபிகேஜி -எஸ்' சொல்லும், இந்த எஸ் பெரிய எழுத்து. மற்றவர் அதே பேக்கேஜின் பழைய உருவமாகவோ, பிபிஏவிலிருந்து வந்தவராகவோ இருப்பார். வேண்டாத ஒருவரை நீக்கிவிட்டு மற்றவரை நிறுவினால் முடிந்தது. ஃபோர்ஸ் என்று தொடங்கும் டிபிகேஜி ஆப்ஷன்களைப் பற்றி எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். அவற்றை எப்போது பயன்படுத்தலாம் என்று தெரிந்தவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை.

இதே வரிசையில் இன்னொரு வம்பு, பைத்தான்3 என்ற பெயரை வேறு பதிப்புக்குத் திருப்பிவிடுவது. உபுண்டுவின் பல சொந்தக் கருவிகள் வெளியீட்டோடு வந்த பைத்தானை நம்பியிருக்கின்றன, திருப்பிவிட்டால் டெர்மினல்கூடத் திறக்காமல் போன கதைகள் உண்டு. புதிய பைத்தானைப் பக்கத்தில் நிறுவுங்கள், அதன் எண்ணோடு கூப்பிடுங்கள், நாற்காலியை மட்டும் பிடுங்காதீர்கள்.

ஃபெடோராவில் டிஎன்எஃப் தானே உங்களுக்கு '--அல்லோஎரேஸிங்' என்று யோசனை சொல்லும். அந்த யோசனையும் நீக்கத்துக்கான அனுமதிதான், பட்டியலைப் படித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். அங்கே 'டிஎன்எஃப் ஹிஸ்டரி அன்டூ' என்று ஒன்று இருக்கிறது, கடைசிச் செயலை அப்படியே திருப்பிப் போட முயலும். ஆப்ட் ஆட்கள் பொறாமைப்பட வேண்டிய விஷயம். ஆர்ச்சில் பேக்மேனுக்கு -எஸ்ஒய் மட்டும் கொடுத்து ஒரு பேக்கேஜை நிறுவுவது பாதி மேம்பாடு, ஆர்ச் அதை ஆதரிப்பதில்லை. எப்போதும் -எஸ்ஒய்யூ, முழுசாக (இரண்டிலும் எஸ் பெரிய எழுத்து).

நடந்தேவிட்டதா?

டெஸ்க்டாப் நீங்கும்போது பார்த்துவிட்டீர்கள் என்றால் கணினியை அணைக்காதீர்கள், லாக் அவுட்டும் செய்யாதீர்கள். திறந்திருக்கும் டெர்மினல் பொக்கிஷம். நினைவகத்தில் ஏறிய நிரல்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கும், வைஃபையும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். அங்கேயே சரிசெய்வது எளிது.

அணைத்துவிட்டு இப்போது கறுப்புத் திரை முன்னால் இருக்கிறீர்களா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். எழுத்துகள் மட்டும் உள்ள உள்நுழைவுத் திரை வரும். பெயர், கடவுச்சொல் கொடுங்கள், கடவுச்சொல் தட்டும்போது நட்சத்திரம்கூடத் தெரியாது, கவலை வேண்டாம். இணையம் வேண்டும். ரவுட்டரிலிருந்து கம்பி இழுக்க முடிந்தால் இழுங்கள், இல்லையென்றால் போனை யுஎஸ்பியில் செருகி டெதரிங் போடுங்கள்.

பிறகு 'லெஸ் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக்'. பெரிய ஜி தட்டினால் கோப்பின் அடிக்குப் போகும். கடைசியில் நடந்தது அங்கே இருக்கும்: எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளை, என்ன நிறுவியது, என்ன நீக்கியது, ஒன்று விடாமல். என் கணினியில் அந்தப் பட்டியலைப் பார்த்தபோதுதான் முந்தின இரவு நான் எதற்கெல்லாம் ஆமாம் சொன்னேன் என்பதே தெரிந்தது.

பாதியில் நின்ற வேலை ஏதாவது இருந்தால் முதலில் 'சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ'. அடுத்து 'சூடோ ஆப்ட் -எஃப் இன்ஸ்டால்'. இந்த -எஃப் பழுது பார்ப்பதற்கு என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள், ஆனால் பழுது பார்க்கும் சாக்கில் நீக்கவும் செய்யும், இதிலும் பட்டியலைப் படியுங்கள். ஆப்ட் பூட்டப்பட்டிருக்கிறது என்று சொன்னால் வேறு ஏதோ மேம்பாடு பின்னணியில் ஓடுகிறது, ஐந்து பத்து நிமிடம் விடுங்கள். பூட்டுக் கோப்பை அழிக்கச் சொல்லும் அறிவுரை நிறைய இருக்கும், ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் நடுவில் அழித்தால் சின்னக் காயம் பெரிய காயமாகும்.

பிறகு கயிற்றைத் திரும்பக் கட்டுங்கள். உபுண்டுவில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் உபுண்டு-டெஸ்க்டாப்', மின்ட் சின்னமனில் 'மின்ட்-மெட்டா-சின்னமன்'. ஃபியூஸ் விபத்து என்றால் கூடவே ஃபியூஸ்3 என்றும் சேர்த்துக் கேளுங்கள், பழைய ஃபியூஸ் வெளியேறும், இந்த முறை அது போக வேண்டியதுதான். ஹிஸ்டரி.லாக்கில் நீக்கப்பட்டவையாக இருந்து இன்னும் திரும்பாதவை மிச்சம் இருந்தால் பெயர் சொல்லி நிறுவுங்கள். உங்கள் அமைப்புக் கோப்புகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும், ஏனென்றால் வெறும் நீக்கம் அவற்றைத் தொடாது, பர்ஜ் செய்தால்தான் போகும்.

கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்து, உள்ளே போய், 'ஆப்ட் -எஸ் ஆட்டோரிமூவ்' என்று ஒத்திகை மட்டும் பாருங்கள். பட்டியலில் டெஸ்க்டாப்பின் துண்டுகள் இன்னும் தெரிந்தால் கயிறு முழுசாகக் கட்டப்படவில்லை. அது காலியாகவோ, பழைய கர்னல்களோடு மட்டுமோ ஆகும்வரை நிஜ ஆட்டோரிமூவ் பக்கமே போகாதீர்கள்.